விழுப்புரம் வானத்தில் ஒரு மர்ம வட்டம்

ரேடார் வேலையில் இருப்பவரிடம் மழை எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. வானத்தில் போனது பறக்கும் தட்டுதானே என்றுதான் கேட்கிறார்கள். ‘நேரில் விசாரித்து விளக்கம் தருக’ என்ற உத்தரவை வாங்கியிருக்கும் அரசு ஊழியர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். விழுப்புரத்துக்கு மழை ரேடார் வந்தது புதிது. விளக்கம் சொல்ல முடியாத ஒரு புள்ளி திரையில் தெரிந்தாலும் மெஷினில் கோளாறு என்று சென்னைக்குக் கழற்றிப் போய்விடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். மெஷின் போனால் நானும் போக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் கணவரும் ஒரே ஊரில் வேலை பார்ப்பது இப்போதுதான்.

மல்லாட்டைக் கொல்லையில் விழுந்தது

திண்டிவனம் பக்கத்தில் பளபளவென்று ஏதோ விழுந்துவிட்டது என்று போலீஸ் கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லைக்கு நடுவே இதய வடிவில் ஒரு வெள்ளிநிற பலூன். ஏதோ ரிசப்ஷனில் பறக்கவிட்டது. அதன் மேல் ‘சதீஷ்’ என்று எழுதியிருந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் அப்போதும் கிட்டே வரவில்லை. கொல்லைக்காரர் மட்டும் கவலையாகச் சொன்னார்: “மாப்ள இங்க வந்துட்டாரு. பொண்ணு எந்தக் கொல்லையில வுழுந்துச்சோ, அத்தயும் ஜல்தி தேடுங்க மேடம்.”

முகையூர் வெளிச்சம்

தினமும் பொழுது சாய்ந்ததும் மேற்கே ஒரு வெளிச்சம் வந்து நிற்கிறதாம். அது வெள்ளிக் கிரகம், பயப்பட ஒன்றுமில்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வற்றிவிட்டது. புகார் கொடுத்தவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “தெருவுக்கு லைட்டு கேட்டு மனு குடுத்துக்கினே இருக்கோம். இது தானா வந்திருக்குது. விசாரிக்கிறேன்னு அத்த அணைச்சிடாதீங்கம்மா.”

கெடார் பக்கத்து வட்டம்

இதற்குத்தான் நான் நிஜமாகப் பயந்தேன். சாயங்காலமானால் கெடாருக்கு அந்தப் பக்கம் திரையில் ஒரு புள்ளி முளைக்கும். தோசைக்கல்லில் மாவை இழுத்தாற்போல வட்டமாக விரியும், பிறகு மறைந்துவிடும். மேகமில்லாத நாளிலும் இதே கதைதான். “மெஷினைக் கட்டி அனுப்புங்க” என்றார் மேலதிகாரி. அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக அந்த ஊருக்கே போனேன்.

“சாயங்காலம் இங்கே ஏதாவது பறக்குதா?” என்று டீக்கடையில் கேட்டேன். “ஒண்ணும் பறக்கல” என்று கடையே ஒரே குரலில் சொன்னது. அன்று தீபாவளி. வழியெல்லாம் காது கிழிய வெடிச் சத்தம். இந்த ஊரில் மட்டும் ஒரு ஊசிவெடிகூட இல்லை. புதுச்சட்டைப் பிள்ளைகள் சும்மா ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதும் டீக்கடை அஞ்சலை வாய் தவறிச் சொல்லிவிட்டார்: “வெடிச்சா ஆலமரத்து வவ்வாலு பயந்துடுமே!” கடையே அவரை முறைத்தது. வவ்வாலால் ஜுரம் வரும் என்று சொல்லி அதிகாரிகள் விரட்ட வருகிறார்கள் என்ற பயம் அவர்களுக்கு. “ஐயோ, அது இருந்தால்தான் எனக்கு விழுப்புரத்தில் வேலையே இருக்கும்” என்று முழுக்கதையையும் கொட்டினேன். உடனே ஊரே என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போனது.

பொழுது சாய்ந்தது. ஆபீஸில் திரை முன்னால் இருந்த சக ஊழியர் செல்வம் போனில் கத்தினார்: “மேடம், புள்ளி வந்துடுச்சு!” அதே நேரம் மரமே கிளம்பிப் போவதுபோல வவ்வால்கள் எழுந்தன. நாலு பக்கமும் விரிந்து பறந்தன. நான் பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டிக் குதித்தேன். அத்தனையையும் வீடியோ எடுத்து அங்கிருந்தே மேலதிகாரிக்கு அனுப்பினேன். “மெஷின் அங்கேயே இருக்கட்டும்” என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அஞ்சலை இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்: “எங்க புள்ளைங்க வெடி வெடிக்காம இருந்துதான உங்க குடும்பம் ஒண்ணா இருக்குது? அடுத்த தீபாவளிக்கு வூட்டுக்காரரோட வாங்க, ஊருக்கே ஸ்வீட்டு வாங்கினு வாங்க!”

வேற்றுக்கிரகத்தார் நிஜமாகவே ஒரு நாள் இந்தப் பக்கம் இறங்கினால் என் ரேடார் பார்த்துவிடும், ஆனால் ஊர்க்காரர்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.