கண்ணின் படத்தில் அம்மன் காட்டிய பதில்

என் மகன் குமரனுக்கு உள்ளங்கால் எரிந்தது. வருடக்கணக்காக எரிந்தது. வெயில் ஏறினால் உள்ளங்கையும் சேர்ந்துகொள்ளும். பல்லைக் கடித்துச் சுருண்டு படுத்துவிடுவான். எந்த மாத்திரைக்கும் நிற்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரி கழுவ ஆரம்பித்து, இன்று என் பெயர் எழுதிய லாரிகள் இந்த ஊரில் ஓடுகின்றன. நாங்கள் குடியிருக்கும் பிடோக்கில் என்னைத் தெரியாதவர் குறைவு. சிராங்கூன் ரோட்டிலிருந்து சைனாடவுன் மாரியம்மன் கோயில் வரை நடந்துபோய், வருடம் தவறாமல் தீ மிதித்தவன். போன வருடம் மட்டும் முழங்கால் வலி, இறங்கவில்லை.

“நெருப்புல நடந்தவன் மகன்டா நீ! வெறுந்தரையில கால் எரியுதுங்கிற? சாவ் கெங் போடாதலா!” என்பேன். நோய் வந்ததுபோல் நடிப்பவனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“என்னங்க, புள்ள முகத்தப் பாத்துட்டுப் பேசுங்க” என்பாள் என் மனைவி வள்ளி.

ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தான். உடம்பு கொதித்தது. போன வருடம் நான் தீ மிதிக்காத குறைதான், அம்மன் சூடு பிள்ளை உடம்பு முழுக்க ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். இந்த வருடம் அவனே தீயில் இறங்க வேண்டும் என்று விரதம் தொடங்க வைத்தேன்.

அன்று சன்னிதியில் கதறினேன். “தாயே, இது என்னன்னு காட்டு. படிக்காதவன், எனக்குப் புரியிற மாதிரி காட்டு.” கை நிறையத் திருநீறு அள்ளி அவன் நெற்றியில் பூசினேன். எதையும் கொஞ்சமாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. பாதி அவன் கண்ணில் விழுந்தது.

மறுநாள் கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கண் டாக்டரிடம் ஓடினோம். இளம் தமிழ்ப் பெண். கழுவிவிட்டு, கருவிழியைப் படம் எடுத்தார். வெகு நேரம் திரையையே பார்த்தார்.

“அங்கிள், திருநீறு ஒண்ணும் பண்ணல. ஆனா இங்க பாருங்க.”

அழுக்கு லாரிக் கண்ணாடியில் வைப்பர் இழுத்த மாதிரி, சுழன்று சுழன்று மெல்லிய கோடுகள். இரண்டு கண்ணிலும்.

“தம்பிக்குக் கை கால் எரியுமா? வேர்வையே வராதா?”

குமரன் இரண்டுக்கும் ஆமென்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“சில மருந்து சாப்பிட்டாலும் இந்தக் கோடு வரும். ஆனா தம்பி அந்த மாதிரி மருந்து சாப்பிடலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இது பிறப்புலயே வர்ற அபூர்வமான நோயா இருக்கலாம், அங்கிள். உடம்புல ஒருவகைக் கொழுப்பு தேங்கிடும். கிட்னி, இதயம் ரெண்டையும் உடனே பாக்கணும்.”

“எங்க வம்சத்துல ஒரு நோயும் கிடையாது டாக்டர்!”

“இத அம்மாகிட்டயிருந்துதான் மகன் வாங்குவான்.”

வள்ளியையும் உட்கார வைத்துப் படம் எடுத்தார். அதே கோடுகள். அவள் அண்ணன் இளம் வயதிலேயே கிட்னி கெட்டு இறந்தவர். “நானா குடுத்தேன் என் புள்ளைக்கு?” என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. “உயிரை மட்டும் காப்பாத்திக் கொடு தாயே” என்பதே என் மூச்சாக இருந்தது.

நோய் உறுதியானது. ஆனால் இதயத்தில் குறை இல்லை. கிட்னி இப்போதுதான் கெட ஆரம்பித்திருந்தது. “நல்ல நேரத்துல வந்தீங்க. இதுக்கு மருந்து இருக்கு” என்றார்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள். அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

குமரன் என் தோளைத் தட்டினான். “அப்பா, அப்ப நான் நடிக்கலல்ல?”

“இல்லடா, ராஜா.”

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது. எரிச்சல் மெல்ல மெல்லத் தணிகிறது. தீ மிதிக்கும் பேச்சையே விட்டுவிட்டோம். வள்ளியின் தங்கை பிள்ளைகளை நானே வண்டியில் ஏற்றிப்போய்க் கண்ணைக் காட்டினேன். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அதே கோடு. அவளுக்கும் வைத்தியம் தொடங்கிவிட்டது.

பக்தர்களே, வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். பிறகு அம்மனிடம் கேளுங்கள். அவள் டாக்டர் உருவில் வந்து பதில் சொன்னாலும் தயங்காமல் பின்னால் போங்கள். நான் போனேன். என் பிள்ளை இருக்கிறான்.