ஊட்டி வளர்த்த உடம்பு

கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு தையற்கடை. எண்பதுகளின் தொடக்கம். தீபாவளி ரவிக்கைக்காக என் ஓரகத்தியைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்த தையற்காரம்மா, இன்னும் கொஞ்சம் துணி வேண்டும் என்றார். என் மாமியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எடுத்துக்குங்க. எங்க வீட்டுப் பிள்ளை நல்லாச் சாப்பிடுதுன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றார். என் முறை வந்தபோது, "இவளுக்கு மிச்சத் துணியே போதும்" என்றார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவைத்தேன்.

ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மாமியாரின் சொந்த அண்ணன் மகள். நான் வெளியிலிருந்து வந்தவள். மாமியார் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பட்டினி கண்டவர். மெலிவு என்றால் அவருக்கு இல்லாமை, சதை என்றால் வாழ்வு. அதனால் நெய்யும் மீன் முட்டையும் டின் பால் ஊற்றிய தேநீரும் அக்காவுக்கே முதலில் போகும். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாலும், "இன்னும் ஒரு வாய்டா" என்று சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோவார். எதிரே உட்கார்ந்து நானே போட்டுச் சாப்பிட்ட எனக்கு வயிறு எரியும். யாருக்கும் தெரியாமல் கூடுதலாகச் சாப்பிட்டும் பார்த்தேன். உடம்பில் ஒட்டவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பமாக மலாவத்திக் குன்று ஏறினோம். பாதி ஏற்றத்தில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு டாக்டரம்மா மாமியாரைப் பார்த்தே சொன்னார்: "இடுப்பச் சுத்திச் சேர்ந்த கொழுப்பு சும்மா இருக்காதும்மா. சர்க்கரையையும் ஏத்தும், இரத்தக் கொதிப்பையும் ஏத்தும். இவ்வளவு உடம்புக்கும் ஒரே இருதயம்தான் உழைக்கணும். அதுக்கு ரத்தம் போற குழாயே அடைச்சுக்கிட்டு வருது."

வீடு திரும்பியதும் மறுபடியும் எல்லாம் அக்காவைச் சுற்றியே நடந்தது. அவருக்கென்று தனியாக அவித்த மீன், கீரை, அளந்து வைத்த சோறு. அவர் கணவர் தாமும் சீனியை விட்டுவிட்டு, விடியற்காலையில் அவரை நடக்க அழைத்துப்போனார். என் கணவர் என்னோடு பஸ் நிறுத்தம் வரைகூட நடந்ததில்லை. சமையலறைச் சன்னல் வழியே அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நோயிலும் அவருக்கே முதல் பந்தி.

ஒருநாள் நடந்துவிட்டு வந்த அக்கா, நான் துணி காயப்போடும் இடத்தில் வந்து நின்றார். எடை குறைந்து முகம் சற்று ஒட்டியிருந்தது.

"உன்னைப் பார்த்தா பொறாமையா இருக்கு லா" என்றார்.

"என்கிட்ட என்னக்கா இருக்கு?"

"அத்தை ஊட்டுனா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆசையாத்தானே ஊட்டுனாங்க. உனக்கு யாரும் ஊட்டல. நீ தப்பிச்சிட்ட."

நான் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டேன்.

அக்கா இன்றும் இருக்கிறார். மாத்திரைகளும் நடையுமாகச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அக்கா சொன்னது சரிதான். என் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் சோறு உருட்டிய அந்தக் கை ஒரே ஒருமுறை என் பக்கம் நீண்டிருந்தால், நானும் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டேன்.