அம்மா படித்த குதிரைப்படை ஜெனரல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஓர் ஒஸ்திரிய ஜெனரல் இருந்தார். புத்தகத்துக்குள்தான் இருந்தார் என்றாலும், சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பற்றிய பேச்சு இல்லாமல் எங்களுக்குப் பொழுது போகாது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே வியன்னாவுக்குப் போன அப்பா, அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவர் எங்களை அங்கே எடுப்பதென்றால் அம்மா முதலில் டொச், அதாவது ஜெர்மன் மொழிச் சோதனையில் சித்தியடைய வேண்டும். அப்பாவுக்குச் சமையலறை டொச்சுக்கு மேல் தெரியாது. பழைய சாமான் சந்தையில் படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றைக் கண்டதும், படம் இருந்தால் சின்னப்பிள்ளைப் புத்தகமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அது நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை ஜெனரல் ஒருவரின் வாழ்க்கை வரலாறு.

கிழமையில் இரண்டு நாள் அம்மா சாவகச்சேரியில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வகுப்புக்குப் போவார். மற்ற நாட்களில் சமையல் முடிந்ததும் இரண்டு அகராதிகளோடு ஜெனரலை எடுத்துக்கொண்டு உட்காருவார். டொச்சிலிருந்து இங்கிலீஷுக்கு ஓர் அகராதி, இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு இன்னொன்று. ஜெனரல் ஓர் ஆற்றைக் கடக்க எங்கள் வீட்டில் எட்டு நாள் எடுத்தது. அன்றன்று விளங்கியதை அம்மா எனக்குச் சொல்லுவார். பதினாறு வயதில் அவர் படையில் சேர்ந்தது, துருக்கியருடன் பொருதித் தொடையில் வாள்வெட்டு வாங்கியது, பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டுக் கைதிகள் பரிமாற்றத்தில் திரும்பி வந்தது. படை பின்வாங்கும்போது கடைசியாக நின்று மற்றவர்களைப் போகவிடுவது அவருடைய பொறுப்பு. அவர்கள் அடிக்கடி பின்வாங்கினார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒருநாள் சோற்றுக் கோப்பையோடு வந்து கேட்டார்.

"அக்கா, உந்தாள் வெண்ட பக்கமோ தோத்த பக்கமோ?"

"கனதரம் தோத்திருக்கினம்."

"அப்ப எங்கடை ஆள்தான்."

அன்றிலிருந்து மாமாவும் கதை கேட்க வந்துவிட்டார். ஒவ்வொரு சண்டையிலும் குதிரைக்கு ஏதும் நடந்ததா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கடைசி அத்தியாயம் தொடங்கவிருந்த நேரம். பின்பக்கம் மாமா அம்மாவிடம் கதைத்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "சோதனை பாஸ் பண்ணினால் நீங்கள் முதல் போங்கோ அக்கா. பிள்ளையின்ரை விசாப் பேப்பர் பிந்தித்தான் வருமாம். அவளை நான் பாக்கிறன்."

நான் என் அறிவுக்கு எட்டியபடி கணக்குப் போட்டேன். புத்தகம் முடிந்தால் படிப்பு முடியும், படிப்பு முடிந்தால் அம்மா போய்விடுவார். மறுநாள் ஜெனரலைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் கொட்டிலில், ஒரு சாக்குக்குக் கீழே மறைத்துவைத்தேன்.

அம்மா வீடு முழுவதும் தேடினார். சோதனைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. மேசைக்குக் கீழே நானும் சேர்ந்து தேடினேன். மூன்றாம் நாள் மாமா வாழைக்குத் தண்ணீர் இறைக்க மோட்டரைப் போட்டார். குழாய்ப் பொருத்து ஒழுகி, கொட்டில் முழுவதும் வெள்ளம்.

"அக்கா, உங்கடை ஜெனரல் குளிச்சிட்டு வாறார்!" என்று கத்திக்கொண்டு மாமா தண்ணீர் சொட்டச் சொட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அம்மா புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏன் பிள்ளை?"

"முடிஞ்சால் நீங்கள் போயிடுவியள்," என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. அம்மா முற்றத்தில் பாயை விரித்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் வைத்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். கடைசி அத்தியாயம் மட்டும் பிரிக்க முடியாமல் கட்டியாக ஒட்டிக் கிடந்தது. "இனி அவருக்கு என்ன நடந்ததெண்டு தெரியாதே," என்று மறுபடி விம்மினேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "நெப்போலியன் தோத்த பிறகு சக்கரவர்த்தி ஜெனரலைத் தலைநகருக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டவர். வீடும் தாறன், பதவியும் தாறன் எண்டு."

"போனவரோ?"

"அவருக்கு ஒரு மகள் இருந்தவள். அவளையும் கூட்டிக்கொண்டு வரலாமெண்டால் வாறன், இல்லாட்டி இஞ்சையே நிக்கிறன் எண்டு எழுதிப்போட்டார்."

"சக்கரவர்த்தி கோவிக்க மாட்டாரோ?"

"கோவிப்பார்தான்." அம்மா ஒரு தாளை ஊதிப் பிரித்தார். "கொஞ்ச நாள் கதைக்காமலும் இருப்பார். பிறகு ஆறிடுவார்."

அம்மா அந்தச் சோதனையில் முதல்தரமே சித்தியடைந்தார். ஆனாலும் என் பேப்பரும் வந்து நாங்கள் வியன்னாவுக்குப் போனபோது எனக்குப் பதினொரு வயது முடிந்திருந்தது. இருவரும் ஒரே விமானத்தில்தான் போனோம். பல வருடங்களுக்குப் பிறகு அங்கேயுள்ள நூலகத்தில் அதே புத்தகத்தைக் கண்டு கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். ஜெனரலுக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை. சக்கரவர்த்தி அழைத்த அன்றே குதிரைக்குச் சேணம் போட்டுப் புறப்பட்டிருக்கிறார்.

அன்று முற்றத்தில் எனக்கு ஜெனரலின் மீது கொஞ்சம் கோபம்தான். சக்கரவர்த்தியையே காக்க வைப்பது என்ன மரியாதை என்று நினைத்தேன். ஞாயிறுதோறும் தவறாமல் வரும் அப்பாவின் தொலைபேசி அழைப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியன்னாவில் வேலை கூடவாக்கும் என்று எண்ணிக்கொண்டு நான் விளையாட ஓடிவிட்டேன்.