பொதுச்சுவர்

ராயபுரத்தில் என் தங்கை வீட்டை ஒட்டிய வீடு விலைக்கு வந்தபோது, அதை வாங்கியே தீர்வது என்று நின்றேன். எனக்கு இருபது வருடமாகத் தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். அவளுக்கோ மாடி, தனிக் குழாய், துணி காயப்போட மொட்டைமாடி. கூடப் பிறந்தவள்தான், ஆனாலும் அவள் வீட்டுப் படியேறும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும்.

வீட்டுக்காரம்மா மகளோடு போய் இருக்கப்போவதால் விற்கிறார். நாங்கள் சொன்ன விலைக்குத் தலையாட்டினார். "செவுரு பொது. உன் தங்கச்சி கைல ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடும்மா" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாங்குகிறவர் போய்ப் பக்கத்து வீட்டில் கேட்கவேண்டும், அவர்கள் சரி என்றால்தான் பேச்சு நகரும். "அவ ஒண்ணியும் சொல்லமாட்டா ஆன்ட்டி" என்று வந்துவிட்டேன். அவளிடம் போய்க் கேட்டு நிற்க எனக்கு மனசில்லை.

இரண்டு மாதம் பதில் இல்லை. போன் செய்தால், "நேர்ல வாம்மா, பேசிக்கலாம்" என்பார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் அவரும் தங்கையும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், கதையை நானே கட்டி முடித்தேன். உள்ளே புகுந்து இவளே வாங்கப்பார்க்கிறாள், ஒரு வீடு போதாதா இவளுக்கு? பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது மாதம், மணலியிலிருந்து ஒரு லாரிக்காரர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டு வீட்டுக்காரம்மாவிடம் ஓடினேன்.

"தங்கச்சிய கேட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல ஆன்ட்டி" என்றேன்.

"அதுக்குத்தான நானும் குந்திகினு கீறேன். அந்த லாரிக்காரரு போன வாரமே அது கைல கேட்டுட்டாரு. உன் தங்கச்சிதான் சரின்னு சொல்லாம இழுத்துகினு கீது. நாளிக்கி அது சரின்னுட்டா என்னாலயும் நிறுத்த முடியாது."

பக்கத்து வாசலுக்குப் போனேன். தங்கை இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வூட்ட நாங்க வாங்கிக்கட்டா?" என்றேன்.

"வாங்கிக்கோக்கா" என்றாள், நிமிராமலே. "இத்தக் கேக்க மூணு மாசமா?"

வீடு எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது, இவளுக்கு மட்டும் இறால் உரித்தபடியே சரி சொல்ல எப்படி வருகிறது என்று பொறாமையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.