கழிவறைச் சுவரில் இருந்த டீச்சர்

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் கிடையாது. மலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வர யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? "ஏனுங்க டீச்சர், பொங்கலுக்கு நீங்க போட்ட கோலம் அத்தனை அம்சமா இருந்துச்சே" என்று தலைமையாசிரியர் என் தலையில் ஐஸ் வைத்தார். வைத்த கையோடு ஏழாம் வகுப்பின் ஓவியப் பாடவேளையையும் அதே தலையில் கட்டிவிட்டார். நான் கணக்கு டீச்சர். புள்ளியை எண்ணி வைத்துக் கோடு இழுப்பதும் எனக்குக் கணக்குதான். அவர் அதைக் கலை என்று நினைத்துக்கொண்டார்.

வரையச் சொல்லித்தர வராதவள் பேச்சைத்தானே பிடித்துக்கொள்வாள்? கலை என்றால் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டேன். பரதநாட்டியம், சிற்பம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதையே திருப்பிச் சொன்னார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது. மறுவாரம் ஆளுக்கொரு சாக்பீஸ் துண்டு கொடுத்து வெளியே அனுப்பினேன். பள்ளிக்கூடத்துக்குள் எது கலை என்று தோன்றுகிறதோ அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அது கலை இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது, ஏன் என்று மட்டும் கேட்கலாம். "எனக்கும் அதேதான் சட்டம்" என்று பெருந்தன்மையாக வேறு சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க வட்டம். அறிவிப்புப் பலகையில் தலைமையாசிரியர் கையெழுத்தைச் சுற்றி ஒன்று. ஜன்னல் கம்பியில் இருந்த சிலந்தி வலைக்காக ஜன்னல் சட்டத்தையே சுற்றி ஒன்று. அது கலைதான் என்று சிலந்திக்குத் தெரியுமா என்று அங்கே ஒரு சண்டை நடந்தது. சத்துணவுக்கூடத்தில் விறகு அடுக்கியிருந்த இடத்தைச் சுற்றித் தரையில் பெரிய வட்டம். "விறகுமா?" என்றேன். "கலைச்சா யாருக்காச்சும் கோவம் வரோணுங்க டீச்சர். அப்படி வந்தா அது கலைங்க" என்றான் ஒருவன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை. ரொம்பக் குஷியாகிவிட்டேன். என்னைவிட நல்ல ஓவிய டீச்சர் இந்த மலையிலேயே இல்லை என்ற நினைப்போடு, "அடுத்தது எங்கே?" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கழிவறைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். கை எட்டிய மட்டும் சுவரில் போட்ட வட்டத்துக்குள் கரியால் வரைந்த ஒரு பெண். மூக்குக் கண்ணாடி, தோளில் கைப்பை. வலது கை முந்தானையைப் பிடித்து மூக்கைப் பொத்தியிருந்தது.

அது நான்தான்.

காலையில் பஸ் வளைவு வளைவாக மலையேறிச் சோளக்காடு ஸ்டாப்பில் இறக்கிவிடும்போது எனக்குக் குமட்டும். அதனால்தான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். பொய். பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் குமட்டல் அடங்கிவிடும். மழைக்காலத்தில் காயாத ஸ்வெட்டரும் அடுப்புப் புகையும் கலந்து பிள்ளைகள் மேல் வருகிற வாடைதான் எனக்கு ஆகவில்லை. கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி அவர்கள் நெருங்கும்போது கை தானாக மேலே போகும். இத்தனை நாளும் அதை யாரும் கவனிக்கவில்லை என்று நம்பியிருந்தேன்.

வெட்கத்தில் காது சுட்டது. ஒரு பிள்ளையின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கழுவச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. போட்ட சட்டம் வாயை அடைத்தது.

"இது ஏன் கலை?" என்றேன்.

முன் பெஞ்சில் உட்காரும் ரெட்டைச் சடைக்காரி முன்னால் வந்தாள். "நான்தானுங்க டீச்சர் வரைஞ்சேன்" என்றாள். பயம் துளியும் இல்லை, முகமெல்லாம் பெருமை. "பேரே எழுதலீங்க. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்ககூடப் பாத்ததும் நீங்கதான்னு சொல்லிருச்சுங்க."

"கண்ணாடி போட்ட டீச்சர் இன்னொருத்தரும் இருக்காங்க இல்லீங்களா? கை இப்படி இருந்தாத்தானுங்க நீங்க" என்றாள் பக்கத்தில் நின்றவள். "டீச்சர் விளையாட்டு விளையாடறப்பவும் டீச்சரா இருக்கறவ மூக்குல துணி வெச்சுக்கோணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாகச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் பாராட்டப்போகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

வரைந்தவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கலைதானுங்களே டீச்சர்?"

இல்லை என்று சொன்னால் அவள் இனிமேல் கரியைத் தொட மாட்டாள். ஆமாம் என்று சொன்னால் அந்த மூக்கும் கையும் என்னுடையவை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"கலைதான் கண்ணு. என்னை அப்படியே வரைஞ்சிருக்கே" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. தலையைத் தடவிக்கொடுக்கலாம் என்று கிட்டே போய்க் குனிந்தேன். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். ஸ்வெட்டரை இரண்டு கையாலும் இழுத்து உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் குளிச்சுட்டுத்தானுங்க டீச்சர் வந்தேன்" என்றாள்.