பேத்தை மீன் தட்டு

என் மருமகள் நல்ல பெண். அதுதான் சிக்கலே. மனைவி போன பிறகு, முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தனியாகச் சமைத்துத் தின்ன முடியாமல் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய் நாற்பது நாள் இருந்தேன். ஒரு நாள்கூட அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கோ காலையில் யாரிடமாவது கொஞ்சம் சத்தம் போட்டால்தான் காபி இறங்கும். தாங்க முடியாமல் தொண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

தொண்டியில் ஓர் அம்மாள் தன் சொந்த வீட்டிலேயே வயசாளிகள் ஆறு பேரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் துபாயில்; வீடு பெரியது. அவரை நான் தாயி என்றுதான் கூப்பிடுவேன். அங்கே ஒரு வழக்கம். புதிதாக வருபவர் ஒரு மாதம் இருந்து பார்க்கலாம். அதன் பிறகு மற்ற ஐந்து பேரும் சம்மதித்தால்தான் கட்டில் அவருக்கு. சம்மதித்துவிட்டால் அவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு அலமாரியில் ஏறும். அதுவரைக்கும் பெயரில்லாத விருந்தாளித் தட்டில்தான் சோறு.

எழுபத்து மூன்று வயதில் எனக்குப் பரீட்சையா என்று முதல் வாரம் எரிச்சலாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரரை எல்லோரும் பாய் என்பார்கள்; கப்பலில் சமையல்காரராக இருந்தவர். மின்விசிறியை அவர் ஐந்தில் வைப்பார், நான் இரண்டுக்கு இறக்குவேன். தினமும் சண்டை. சண்டை முடிந்ததும் எனக்கும் சேர்த்து இஞ்சி டீ போட்டு எடுத்து வருவார். பதினைந்து நாளில் எனக்கு அந்த வீடு பிடித்துப்போய்விட்டது. பயமும் அப்போதுதான் வந்தது. ஐந்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் மறுபடி சென்னைதான்.

நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று வழி தேடிக்கொண்டிருந்தேன். ஒரு காலை கடற்கரைப் பக்கம் நடந்தபோது வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் சில மீன்களை மட்டும் மணலில் வீசினார்கள். கொழுகொழுவென்று உருண்டை வயிறு. நான் மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக்காரன்; களத்தில் நாலு நெல் சிந்தினாலும் குனிந்து பொறுக்கிய கை. என்ன திமிர் இவர்களுக்கு என்று திட்டிக்கொண்டே ஏழு மீன்களைத் துண்டில் கட்டி எடுத்து வந்தேன்.

அடுப்படியில் அவிழ்த்து வைத்தேன். தங்கச்சிமடத்தில் முப்பது வருஷம் மீன் விற்ற ஓர் அம்மாளும் எங்களோடு இருக்கிறார். எட்டிப் பார்த்தவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்ணே, இது பேத்தை. விஷ மீனு. இதக் கொழம்பு வச்சுத் தின்னா ஆறு கட்டிலும் ஒரே நாள்ல காலி."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். பாய்க்குப் புரை ஏறியது. தாயி மட்டும் சிரிக்காமல் மீனைக் குழி தோண்டிப் புதைத்து, என் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். பிறகு அடுப்படிக்குள் போய் அவரும் சிரித்தது எனக்குக் கேட்டது.

அத்தோடு என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். வீட்டையே கொல்லப் பார்த்தவனுக்கு யார் சம்மதிப்பார்கள்? அதன் பிறகு வாயையே திறக்கவில்லை. மின்விசிறி ஐந்தில் ஓடினாலும் போர்த்திக்கொண்டு படுத்தேன். இரண்டு நாள் பொறுத்த பாய், மூன்றாம் நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்னங்க, காய்ச்சலா? சண்டைக்கே வரமாட்டேங்குறீக."

மாதம் முடிந்த அன்று மகன் போன் செய்தான். "கார எடுத்துக்கிட்டு வரட்டுமாய்யா?" மத்தியானம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். எல்லோருக்கும் தட்டு வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. விருந்தாளித் தட்டையும் எடுத்துவிட்டார்கள் போல என்று எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். அப்போது தாயி ஒரு புதுத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பெயர் இருக்க வேண்டிய விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு மீன் வெட்டியிருந்தது. உருண்டை வயிறு, முன்னால் இரண்டு பல்.

"பேரு வெட்டத்தான், அய்யா, சொல்லி அனுப்புனேன். பாத்திரக்கடைக்குப் போன இடத்துல இவுகதான் மாத்திப்புட்டாக" என்று தாயி மீன்கார அம்மாளைக் காட்டினார்.

கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"வாலு கோணலா இருக்கு" என்றேன்.

"நீங்க பொறுக்கியாந்த மீனும் அப்படித்தாண்ணே இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள்.

பாய் எழுந்து போய் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் இரண்டுக்கு இறக்கினேன்.