மனை எண் 41-லிருந்து இரண்டு கடிதங்கள்

போன வாரம் எனக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கணவர் எழுதியது. இன்னொன்று மனைவி எழுதியது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் ஓர் உண்மைச் சம்பவம் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். எங்கோ ஒரு குளிர் தேசம். தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர் ஒருவர் அதை உதறிவிட்டுக் காட்டுக்குள் போய்க் குடிசை போட்டுக்கொண்டு தன்னந்தனியாக வாழ்ந்தார். ஒரு வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தார். அப்புறம் விறகு பிளக்கும்போது காலில் வெட்டு. நடக்க முடியவில்லை, கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. பனி உருகிய பிறகு அந்தப் பக்கம் போனவர்களுக்கு உடல்தான் கிடைத்தது... பக்கத்தில் ஒரு டைரியும்.

அதற்கு வந்த கடிதங்கள் இருக்கிறதே, அப்பப்பா. குரோம்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், கோடாரிக்குப் பிடி சரியில்லாமல் இருந்திருக்கும், வாங்கும்போது நாலு வார்த்தை விசாரித்திருக்க வேண்டாமா என்று இறந்தவரைக் கடிந்துகொண்டிருந்தார். மேற்குத் தாம்பரத்து டீச்சரம்மா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காக ஜெபம் செய்தாராம். பெயர் தெரியாததால் ‘அந்தத் தபால் ஆபீஸ்காரர்’ என்று சொல்லித்தான் ஜெபித்தேன், அது போதுமா என்று என்னைக் கேட்டிருந்தார். போதும் டீச்சர். காலாகாலத்தில் ஒரு கால்கட்டு போட்டிருந்தால் அந்த மனுஷன் ஏன் காட்டுக்குப் போகிறார் என்று ஒருவர்.

கதை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு வாசல் வழியாகத்தான் அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது — அந்த இரண்டு கடிதங்களைப் பார்க்கும் வரை.

முதல் கடிதம் கூடுவாஞ்சேரியிலிருந்து. பட்டணத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஓர் அன்பர். “அவர் இறந்ததற்காக வருத்தப்படாதீர்கள் சார், அவர் வாழ்ந்த ஒரு வருஷத்துக்காகப் பொறாமைப்படுங்கள்” என்று ஆரம்பித்திருந்தார். கூடுவாஞ்சேரியில் புதிதாக லே-அவுட் போட்டிருக்கிறார்களாம். மனை வாங்கியவர்கள் நிறையப் பேர். வீடு கட்டியவர் இவர் ஒருவர்தான். சுற்றிலும் அரை மைலுக்கு மனித வாடை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று வேறு அழைத்திருந்தார்.

இரண்டாவது கடிதத்தில் பெயர் இல்லை. ‘ஒரு வாசகி’ என்றுதான் கையெழுத்து. ஆனால், பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபடி வலது பக்கம் மேல் மூலையில் முகவரியைச் சுத்தமாக எழுதிவிட்டார். மனை எண் 41, அதே லே-அவுட், கூடுவாஞ்சேரி.

அவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவர் காலை ஏழே காலுக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வருவார். குழந்தைகள் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை தபால்காரர் வருவார். அவரிடம்தான் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்பினாராம். போன மாதம் காலை பத்து மணிக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்கால் பிசகி, காலை ஊன்ற முடியவில்லை. கத்திப் பார்த்திருக்கிறார். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அன்றைக்கு வரவில்லை. வெயில் ஏற ஏற, துவைக்கிற கல்லின் நிழலுக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போய், ஏழரை மணி வரை அங்கேயே கிடந்திருக்கிறார்.

“அவர் வந்தார். புது வீட்டுக்குள் நுழையும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும், சார். அதைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. இப்போதுதான் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கதையைப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.”

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்வது? பதில் எழுதலாமென்றால் இரண்டு பேருக்கும் ஒரே முகவரி. கணவர் கையில் கிடைத்தால்? சும்மா இருக்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், கவலையோடு ஆவலும் இருந்தது. ஒரே கூரையின் கீழே ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் பொறாமைப்படுகிறார், ஒருவர் பயப்படுகிறார். அது எப்படி?

அதான் கணவர் கூப்பிட்டிருக்கிறாரே. இந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் செங்கல்பட்டு பாசஞ்சரைப் பிடித்தேன்.

ஸ்டேஷன் வாசலில் இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் வழி கேட்டேன்.

“அந்த ஒத்த வூட்டுக்கா? ஏரிக்கரை மேலயே போய்கினே இரு சார். வூடு வரும். அதுக்கப்பால ஒண்ணும் கெடையாது” என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. முள் புதருக்கு நடுவே வெள்ளையடித்த மனைக் கற்கள். ‘முதல் மெயின் ரோடு’ என்று ஒரு போர்டு, ரோடுதான் இல்லை. ‘பார்க்’ என்று இன்னொரு போர்டு. அதன் காலில் ஓர் ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கடைசியில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு.

கணவர் ஓடிவந்து வரவேற்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தாம்பரத்தில் ஏழு குடித்தனங்கள் இருந்த வீட்டில் ஒரு போர்ஷனில் பத்து வருஷம் இருந்தவராம். ஒரே குழாய். விடிந்தால் குடச் சண்டை.

என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் வண்டலூர் மலையைக் காட்டினார். “கேளுங்க சார். ஏதாவது சத்தம் கேக்குதா?”

“இல்லையே.”

“அதான் சார். பத்து வருஷமா பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்.”

“பகலெல்லாம் நீங்க ஆபீஸ்ல இருக்கீங்களே... அவங்களுக்கு?”

“அவளுக்கென்ன சார், ராணி மாதிரி இருக்கா. போன மாசம் கிணத்தடியில வழுக்கிட்டா. நல்லவேளை, நான் வர்ற நேரம் பாத்து விழுந்தா” என்று சிரித்தார்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் அந்த அம்மாள் காபி கொண்டுவந்தார். இடது காலை இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார். அந்த நேரம் பார்த்து ஆடு ஒன்று செம்பருத்திச் செடியில் வாய் வைக்க, கணவர் குச்சியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“லெட்டர் கெடைச்சுதா சார்?” என்றார் அவர், மெதுவாக. எழுதியது தான்தான் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“கெடைச்சுதும்மா. அவர்கிட்ட நான் பேசட்டுமா?”

“வேணாம் சார். நீங்க பேசினா, நான் சொல்லச் சொல்லித்தான் பேசறீங்கன்னு நினைப்பாரு. மனசு விட்டுப் போயிடும்.”

“வீடே பிடிக்கலியா?”

“வீடு பிடிச்சிருக்கு. நானும் சேந்து ஆசைப்பட்டுக் கட்டினதுதானே. நாலு வீடு வர்ற வரைக்கும் தாம்பரத்துல ஒரு போர்ஷன் பாக்கலாம்னுதான்...” வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “அந்தக் காட்டுக்காரர் தனியா இருக்கணும்னுதான் போனாரு சார். நான் இவரோட இருக்கலாம்னு வந்தேன்.”

அந்தக் கதையைப் பற்றி எனக்கு வந்த அத்தனை கடிதங்களிலும் இப்படி ஒருவர் சொல்லவில்லை. எழுதிய எனக்கே தோன்றவில்லை.

“அப்ப நான் என்னதாம்மா செய்யணும்?”

“எழுதுங்க சார். அச்சுல வந்தா அவர் ரெண்டு தடவை படிப்பாரு.”

“உங்களைப் பத்தித்தான்னு தெரிஞ்சுடுமே.”

“தெரியணும்னுதானே சார் சொல்றேன். கிணத்தடியையும் சேத்தே எழுதுங்க. என் வாயால சொல்ல வரல.”

ஆட்டை விரட்டிவிட்டுக் கணவர் உள்ளே வந்தார். அவர் என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் எந்த மனையில் யார் எப்போது வீடு கட்டப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாரும் அடுத்த வருஷமாம். வண்டி நகரும்போது, “அடுத்த வாரம் என்ன எழுதப்போறீங்க சார்?” என்று கேட்டார். இன்னும் முடிவு பண்ணவில்லை என்று பொய் சொன்னேன்.

அன்பரே, வழக்கம்போல் தாம்பரம் ஸ்டேஷனில் இந்த இதழை வாங்கி, வண்டி வண்டலூரைத் தாண்டும்போது இந்த இடத்துக்கு வந்திருப்பீர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு. உங்கள் மனைவி மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல் சொன்ன பொய் அது.

அன்றைக்கு அவர் விழுந்தது நீங்கள் வருகிற நேரத்தில் அல்ல ஐயா, காலை பத்து மணிக்கு.